தோற்றவருக்கு வரியோலை இல்லை

கேரள லாட்டரியின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1967-இல் தொடங்குவார்கள். இன்னும் பின்னால் போக விரும்புகிறவர்கள் சுசீந்திரத்துக்கு வந்து சேருவார்கள். தாணுமாலயன் கோயிலின் கோபுரம் அடித்தளத்தோடு நெடுங்காலம் நின்றுபோயிருந்தது. அதை முடிக்கப் பணம் திரட்ட, 1870களில் திருவிதாங்கூர் மகாராஜா ஆயில்யம் திருநாள் லாட்டரி நடத்த அனுமதி கொடுத்தார் என்பது அவர்கள் தரும் வரலாறு. கோபுரம் 1888-இல் முடிந்தது. ஏழு நிலையோடு இன்றும் நிற்கிறது. லாட்டரி என்றால் கேரளத்துச் சரக்கு என்று நினைக்கிற நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். மலையாளக் கரையின் முதல் லாட்டரி என்று சொல்லப்படுவது நம் தெப்பக்குளத்தங்கரைக்காகத்தான் நடந்தது. அந்தச் சீட்டை வாங்கிப் பரிசு கிடைக்காமல் போனவர் தன்னை ஏமாந்தவராக எண்ண வழியில்லை, கோபுரத்துக்கு ஒரு கல் கொடுத்தவராகிவிட்டார். நடத்துகிறவருக்குத் தோற்றவர் பால் எந்தப் பொறுப்பும் கிடையாது என்ற ஏற்பாடு இப்படிப் புண்ணியத்தின் பெயரில் இங்கே நுழைந்தது. பிறகு வந்த அரசுகளும் நிறுவனங்களும் புண்ணியத்தை விட்டுவிட்டன, ஏற்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டன. சூதாட்ட அடிமைத்தனத்தால் நாசமானவர்கள் சூது நடத்திய நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்பது இன்று உலகின் பல நீதிமன்றங்களில் நடக்கிறது. நாகர்கோவில் நீதிமன்றத்திலோ குழித்துறை நீதிமன்றத்திலோ அப்படி ஒரு வழக்கு நிற்குமா என்று கேட்டால், இன்றைய சட்டப்படி நிற்காது. ஏன் நிற்காது என்பதற்கு இந்த மண்ணின் வரலாறே விடை வைத்திருக்கிறது. நின்றிருக்க முடியும் என்பதற்கும் அதிலேயே சான்று இருக்கிறது.

அந்தச் சான்று சிட்டி. திருவிதாங்கூரில் வங்கிக்கு முன்பே வங்கியின் வேலையைப் பார்த்தது சிட்டிதான். கல்யாணம், வயல் ஒற்றி, மகனின் படிப்பு எல்லாவற்றுக்கும் ஊர்ப் பணம் அதில்தான் சுழன்றது. ஏலம் கூவித் தள்ளி எடுக்கிற சிட்டி ஒரு வகை. பெயர் எழுதிய ஓலைத் துண்டுகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுக்கிற நறுக்குச் சிட்டி இன்னொரு வகை. குலுக்குவதில் நறுக்குச் சிட்டிக்கும் லாட்டரிக்கும் வேறுபாடில்லை. ஆனால் சிட்டி நடத்துகிறவர் பணத்தோடு ஓடிப்போவதும், முதல் தவணைகளை வாங்கிக்கொண்டு பிந்தையவர்களைக் கைவிடுவதும் பெருகியபோது, திருவிதாங்கூர் அரசு கைகட்டி நிற்கவில்லை. கொல்லம் ஆண்டு 1094-இல், அதாவது 1918-19-இல், சிட்டிகளுக்கென்று தனி ரெகுலேஷன் கொண்டுவந்தது. நடத்துகிறவர் வரியோலை எழுத வேண்டும். யார் யார் உறுப்பினர், எத்தனை தவணை, எப்போது நறுக்கு, எவ்வளவு தரகு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பணம் போட்டவர்களுக்கு அவர் பிணை சொல்ல வேண்டும். தவறினால் அவர்கள் நீதிமன்றம் போகலாம். மத்திய அரசின் 1982-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வழியில் வந்ததுதான்: சிட்டித் தொகைக்கு ஈடான பிணையை முன்கூட்டியே கட்டாமல் யாரும் சிட்டி தொடங்க முடியாது. நூறு ஆண்டுக்கு முன்பே இந்தப் பகுதியின் சட்டத்துக்கு, பலரிடம் பணம் வாங்கிக் குலுக்கிப் போடுகிற ஒருவரை எப்படிப் பொறுப்புக்குள் கட்டிவைப்பது என்று தெரிந்திருந்தது.

சிட்டி சேமிப்பு, லாட்டரி சூது, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சிட்டியில் கடைசி நறுக்கு விழுகிறவருக்கும் முதல் திரும்பி வரும், லாட்டரியில் வராது. ஆனால் ரெகுலேஷன் உறுப்பினருக்கு லாபத்தை உறுதி செய்யவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். முதல் நறுக்கு விழுந்தவருக்கும் கடைசி நறுக்கு விழுந்தவருக்கும் உள்ள அதிர்ஷ்ட வேறுபாட்டில் அது தலையிடவே இல்லை. நடத்துகிறவரின் நடத்தையை மட்டும் பிடித்தது. பணம் வாங்குகிறவன் பணம் கொடுக்கிறவனுக்கு எந்த அளவு கடமைப்பட்டவன் என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது. அந்தக் கேள்வியைச் சூதிடமும் கேட்கலாம். கேட்காமல் போனதற்குக் காரணம், சூதை நடத்தியவர் பெரும்பாலும் அரசராகவோ அரசாகவோ இருந்ததுதான்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்து குமரி மாவட்டம் ஆயின. களியக்காவிளையில் ஒரு எல்லைக்கோடு விழுந்தது. பதினோரு ஆண்டு கழித்து கேரளத்தின் நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு அரசு லாட்டரியைத் தொடங்கினார். சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய், முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. அதே 1968-இல் அண்ணாவின் அரசும் தமிழ்நாட்டில் லாட்டரி கொண்டுவந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற அதன் முழக்கத்தை அறியாத தமிழர் அந்தத் தலைமுறையில் குறைவு. சுசீந்திரத்தில் கோபுரம் இருந்த இடத்தில் இப்போது நாடு வந்து நின்றது, அவ்வளவே. இழந்த பணத்தைக் காணிக்கையாகக் காட்டும் கணக்கு மாறவில்லை. நாட்டுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எப்படி நியாயமாகும்? முழக்கம் எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். ஆனால் தோற்றவர் வாய் திறக்கும் முன்பே அவருடைய வழக்கை அது தள்ளுபடி செய்துவிட்டது.

1999-இல் பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசே நடத்தினாலும் லாட்டரி சூதுதான் என்று தீர்ப்புச் சொன்னது. பிற மாநிலச் சீட்டுகளைத் தடுக்க விரும்பும் மாநிலம் தன் சொந்த லாட்டரியையும் கைவிட வேண்டும் என்ற 1998-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தின் நிபந்தனையையும் ஏற்றது. அதன்படி 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரியை முழுக்க நிறுத்தியது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் குமரி மாவட்டத்தில் அதன் விளைவு மற்ற மாவட்டங்களைப் போல இல்லை. கொத்தனார், சித்தாள், மீன் வியாபாரி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்று நாள்தோறும் திருவனந்தபுரம் பக்கம் போய்வருகிறவர்கள் நிறைந்த மாவட்டம் இது. களியக்காவிளையில் குற்றமான சீட்டு எல்லைக்கு அப்பால் பாறசாலையில் அரசாங்க வருமானம். பேருந்தில் சில நிமிடத் தூரம். சீட்டை இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்கிறவரைப் போலீஸ் பிடிக்கிறது. அந்தப் பக்கம் நின்று வாங்குகிறவரைக் கேரளம் வரவேற்கிறது. லாட்டரி விற்பனையில் கேரளம் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது. அந்தப் பணத்தில் எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனது எவ்வளவு என்று எந்த அரசும் பிரித்துப் பார்த்துச் சொல்வதில்லை.

2023 திருவோணம் பம்பரில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு தமிழ்நாட்டுக்காரர்கள் நால்வருக்கு விழுந்தபோது ஒரு புகார் எழுந்தது. அந்தச் சீட்டு கேரளத்தில் வாங்கப்பட்டதல்ல, தமிழ்நாட்டில் கள்ளச் சந்தையில் விற்கப்பட்டது, ஆகவே பரிசு கொடுக்கக் கூடாது என்பது புகார். கேரளச் சீட்டைக் கேரளத்துக்குள்தான் விற்கலாம் என்பது விதி. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், 'எங்கே வாங்கினாய்' என்ற கேள்வி வென்றவரிடம் மட்டும்தான் எழுகிறது. அதே கள்ளச் சந்தையில் வாங்கித் தோற்ற ஆயிரக்கணக்கானவர்களிடம் எந்த அதிகாரியும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டிவந்திருக்கும்.

அரசுச் சீட்டின் நிழலில் வளர்ந்த மூன்று நம்பர் லாட்டரி இன்னும் மோசம். கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்துத் தனியார் நடத்துகிற பந்தயம் அது. சீட்டும் இல்லை, ரசீதும் இல்லை, ஒரு துண்டுத் தாளோ வாட்ஸப் செய்தியோ போதும். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர் இதில் கடன்பட்டு, மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு உயிரைவிட்டது தமிழ்நாட்டை உலுக்கியது. சிலர் கைதானார்கள். அந்தக் குடும்பத்தின் பெயரில் நடத்தியவர்களிடமிருந்து ஒரு பைசா கேட்க முடியுமா என்ற பேச்சே எழவில்லை. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை என்பதால் யாருக்கும் தோன்றவில்லை.

சட்டத்தில் இருப்பது இதுதான். 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது, வென்றதைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது. குதிரைப் பந்தயப் பரிசுக்கு மட்டும் சிறு விலக்கு உண்டு. திருவிதாங்கூர்-கொச்சிக்கு இந்தச் சட்டம் 1951-இல் வந்தது. வென்றவனுக்கே நீதிமன்றக் கதவு மூடியிருக்கும்போது தோற்றவனுக்கு ஏது? தானாகக் கொடுத்த பணம் கொடுத்ததுதான். இருவரையும் வெளியே நிறுத்துவதால் இது சமநீதி போலத் தோன்றும். ஆனால் 1959-இல் கேருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நுணுக்கத்தைச் சொன்னது. பந்தயம் செல்லாது, ஆனால் தன்னளவில் சட்டவிரோதமானது அல்ல, எனவே பந்தயத்தைச் சார்ந்த துணை ஒப்பந்தங்கள் செல்லும். அந்த வழக்கு கூட்டாளிகளுக்கு இடையிலானது. அதன் தர்க்கத்தை நீட்டினால், பந்தயம் தனியே தடைசெய்யப்படாத இடத்தில், சூதாடக் கடன் கொடுத்தவர் சூதாடியவர் மேல் வழக்குப் போடலாம். சூதாடியவர் சூது நடத்தியவர் மேல் போட முடியாது. வட்டிக்கடைக்காரருக்கு இருக்கிற உரிமை அவரிடம் கடன்பட்டவருக்கு இல்லாத விந்தையான நியாயம் இது.

இந்த நியாயத்தோடுதான் சூது கைப்பேசிக்குள் வந்தது. குமரி மாவட்டத்துக்கு உரிய, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2020 ஜூலையில், சீட்டாடியதாகப் பதிவான ஒரு வழக்கை விசாரிக்கையில் நீதிபதி பி. புகழேந்தி, மரத்தடியில் ஆடுகிறவர்களைப் பிடிக்கும் சட்டம் ஆன்லைன் ரம்மியை விட்டுவிடுவதைச் சுட்டி, அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்றார். அதே ஆண்டு நவம்பரில் மதுரைக் கிளை, இத்தகைய ஆட்டங்களின் விளம்பரங்களில் தோன்றிய கிரிக்கெட் வீரர்களுக்கும் நடிகர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. அவசரச் சட்டம் வந்தது, 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஒட்டிய சட்டத்தை ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. 2022-இல் புதிய மசோதா வந்தது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், பேரவை மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. இத்தனை இழுபறியிலும் வாதம் ஒன்றே ஒன்றுதான்: இது திறமையா, அதிர்ஷ்டமா? நிறுவனத்துக்குத் தொழில் உரிமை உண்டா, அரசுக்குத் தடை அதிகாரம் உண்டா? ஆன்லைன் சூதால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டதாக அரசு சொன்ன கணக்குகூட, தடைக்கு ஆதரவான சான்றாகத்தான் பயன்பட்டது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு யார் கடன்பட்டவர் என்று எந்தத் தரப்பும் கேட்கவில்லை. சட்டத்தைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். தடைசெய்யப்பட்ட சூதை நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஆடுகிறவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். தோற்றவர் முறையிடப் போனால் முதலில் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெளியே என்ன நடந்தது என்று பார்க்கலாம். இங்கிலாந்தில் ஒரு நாய்ப் பந்தயப் பயிற்சியாளர் வில்லியம் ஹில் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். தன்னைப் பந்தயம் கட்ட விடாதீர்கள் என்று அவரே கேட்டுக்கொண்டும் நிறுவனம் தடுக்கவில்லை. இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. 2008-இல் அவர் தோற்றார். நிறுவனத்துக்கு ஒரு வரம்புக்குட்பட்ட கடமை இருந்தது என்று ஏற்ற நீதிபதி, இவர்கள் தடுத்திருந்தாலும் வேறிடத்தில் போய் இழந்திருப்பார் என்று சொல்லி நட்டஈட்டை மறுத்தார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் க்ரௌன் சூதாட்ட விடுதியில் இரண்டு கோடி டாலருக்கு மேல் இழந்தவர் 2013-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். ஆஸ்திரியாவில் கதை வேறு. அங்கே உரிமம் இல்லாத நிறுவனத்தோடு செய்த பந்தயம் செல்லாது, ஆகவே நிறுவனம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் தொடர்ந்து தீர்ப்புச் சொல்லின. எவ்வளவு தீர்ப்புகள் குவிந்தனவென்றால், பல நிறுவனங்களின் தலைமையிடமான மால்டா 2023-இல் அந்தத் தீர்ப்புகள் தன் மண்ணில் செல்லாதபடி தனிச் சட்டமே போட்டது. ஆஸ்திரியாவில் சட்டவிரோதம் என்ற முத்திரை நடத்துகிறவரைச் சுடுகிறது. அதே முத்திரை இங்கே விழுந்தால் ஆடியவரும் குற்றவாளி, குற்றத்தில் கூட்டாளியானவருக்கு நீதிமன்றம் கைகொடுக்காது என்ற பழைய விதி தோற்றவரைத்தான் தடுக்கிறது. தடைக்குள் எந்தப் பக்கம் சாய்மானம் வைக்கிறோம் என்பது நம் தேர்வுதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதன்மையானது, தானே விரும்பிப் போய் ஆடியவன் என்பது. ஆம், பெரும்பாலோருக்கு இது பொருந்தும். பம்பர் சீட்டு ஒன்று வாங்கித் தோற்றவருக்கு யாரும் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. அவருக்கு வழக்குரிமை வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. நான் சொல்வது, ஒருவர் அதிகாலை மூன்று மணிக்கு விழித்துச் சம்பளத்தை முழுக்கக் கொட்டுவதைத் தன் கணினியில் பார்த்துக்கொண்டே, அவருக்குப் போனஸ் அனுப்பி மேலும் ஆடத் தூண்டுகிற நிறுவனத்தைப் பற்றி. பாறசாலைக் கடைக்காரருக்குத் தன்னிடம் சீட்டு வாங்குகிறவரின் வீட்டு நிலை தெரியாது. செயலிக்கு ஒவ்வொரு ரூபாயும் தெரியும். தெரிந்தும் தூண்டுவது சாதாரண அலட்சியத்தைவிடக் கனமானது. ஜெயித்தால் பைக்கு, தோற்றால் வழக்குக்கு என்று ஆகிவிடாதா என்பது அடுத்த அச்சம். அளவுகோல் தெளிவாக இருந்தால் ஆகாது. 2025-இல் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடத் தடை, ஆதார் சரிபார்ப்பு, செலவுக்கு வரம்பு என்று விதிகள் கொண்டுவந்தது. அந்த ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. விதியை மீறித் தந்த ஆட்டத்தில் போன பணம், அவ்வளவுதான் கேட்க முடியும் என்றால் பொய் வழக்குக்கு இடமில்லை. நம் பழைய சிட்டி வரியோலை இதைத்தான் செய்தது.

லாட்டரிப் பணத்தில் கேரளம் காருண்யா திட்டத்தின் வழியாக ஏழைகளுக்குச் சிகிச்சை தருகிறதே, கை கால் ஊனமானவர்கள் சீட்டு விற்றுப் பிழைக்கிறார்களே என்பதும் உண்மை. இது கடினமான வாதம், ஏனென்றால் அந்தச் சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். ஆனால் சுசீந்திரம் கோபுரத்தின் அதே தர்க்கம்தான் இது: நல்ல காரியத்துக்குப் போன பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. கேட்டாலும் ஆஸ்பத்திரி மூடிவிடாது. அரசு தன்னை விலக்கிக்கொண்டு தனியாருக்கு மட்டும் பொறுப்பு வைத்தால்தான் அது போலித்தனமாகும்.

இங்கே இல்லாத உரிமையைப் புதிதாகக் கேட்பதா என்று தயங்குகிறவர்களுக்கு நாஞ்சில் நாடே பதில் சொல்லியிருக்கிறது. சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் மருமக்கள் வழி முறையில், ஒருவரின் சொத்தில் அவர் மனைவிக்கும் மக்களுக்கும் கிடைத்தது உகந்துடைமை என்ற சிறு பங்கு மட்டும். அதனால் குடும்பங்கள் சீரழிந்ததைத்தான் கவிமணி தன் மருமக்கள் வழி மான்மியத்தில் எள்ளி நகையாடினார். வழக்கத்தில் இல்லாத உரிமையை நீதிமன்றம் எப்படித் தரும் என்றுதான் அன்றும் கேட்டார்கள். கொல்லம் ஆண்டு 1101-இல், அதாவது 1926-இல், நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மக்களின் பங்குக்குச் சட்ட உரிமை பிறந்தது.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்தது. ஆடுகிறவரைத் தண்டிக்காமல் நடத்துகிறவரைத் தண்டிக்கிற விதத்தில் இது தமிழ்நாட்டுச் சட்டத்தைவிட ஒரு படி மேல். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தின, நிறுவனங்கள் தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் வாங்கிய பணத்தைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கேட்க வழி பிறந்தாலும், தன் பணத்தை இன்னொருவர் வைத்திருக்கிறார் என்று கேட்டுப் போடும் வழக்குக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தருகிற கெடு மூன்று ஆண்டு. 2023-இல் இழந்தவருக்கு அந்தக் கெடு 2026-இல் முடிகிறது. தடைக்கு முந்தைய நாள் வரை ஆடியவருக்கு 2028 ஆகஸ்டில்.